மூடிச் சாவி

பெட்ரோல் திருடுகிறான் என்று ஒரு பையன்மேல் சந்தேகப்பட்டேன். நான் கெட்டுப்போனது அங்கே. வண்டி கெட்டது அதற்கப்புறம்தான்.

என்னிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. நாலு கதவு வைத்த மார்க் த்ரீ, 948 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி இது. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் நம் சென்னைக்கு வெளியே, வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். நாலு கதவு ஹெரால்டை வெள்ளைக்காரன் செய்யவே இல்லை, அது நம் ஊர்க்காரர்களின் வேலை. ஃபியட் வைத்திருப்பவர்கள் பம்பாயைப் பார்க்க வேண்டும், அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கல்கத்தாவைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு மட்டும் பிறந்த வீடு ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே இருந்தது. இந்தக் கர்வம் ஹெரால்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

கர்வத்துக்கு வண்டியின் அமைப்பும் ஒரு காரணம். ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப்போல மேலே திறக்காது. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு முன்னால் கவிழும். எஞ்சின் முழுதாக வெளியே தெரியும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு, காப்பி குடித்துக்கொண்டே பிளக் கழற்றலாம். இப்படி எல்லாம் கைக்கு எட்டுகிற வண்டியை வைத்திருப்பவனுக்குத் தானும் ஒரு மெக்கானிக் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. போதாததற்கு நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வாயுக்களின் விதிகளை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் அயனாவரத்தில் ஷெட் வைத்திருந்த ஒரு மேஸ்திரி. தொழிற்சாலை ஓடிய காலத்தில் அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் தொழில் கற்றவர். அதிகம் பேச மாட்டார். நின்றுபோன வண்டியைக் கொண்டுபோனால் இரண்டே கேள்வி: "கரண்ட்டு வருதா? பெட்ரோல் வருதா?" பிளக் ஒயரைக் கழற்றி, எஞ்சின் பிளாக்குக்குக் கிட்டே பிடித்து, பையனைச் செல்ஃப் அடிக்கச் சொல்வார். நீலமாகச் சடசடவென்று பொறி தாவினால் ஒரு பக்கத்தை மூடிவிட்டு அடுத்த பக்கம் போவார். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்டைப் பார்ப்பார். பாயிண்ட் இடைவெளி புத்தகப்படி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து. அவருக்கு ஃபீலர் கேஜ் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. யாரோ கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கும், அதுதான் அளவு. பாயிண்ட் கறுத்திருந்தால் தேய்ப்பதோடு விட மாட்டார், கண்டென்சரையும் சந்தேகப்படுவார். பெட்ரோல் பக்கம் என்றால் ஏசி பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்ப்பார். அதன் கீழே இருக்கிற சின்னக் கை லீவரை நாலு தடவை இழுத்தால் கிண்ணம் நிறைய வேண்டும். ரொம்ப நாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் கார்புரேட்டரின் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். என்னைப் போன்றவர்கள் சோக்கை இழுத்துவிட்டு, பேட்டரி சாகிற வரை செல்ஃப் அடிப்போம். அவர் இந்த லீவரைக் கையால் இழுத்து முதலில் கார்புரேட்டரை நிரப்புவார். அப்புறம் ஒரே சுற்று.

இப்படிப்பட்டவரிடம் பிரேக் வேலைக்காக ஒரு முறை வண்டியை விட்டேன். வீல் சிலிண்டர் கிடைக்காமல் வேலை இழுத்துக்கொண்டே போனது. விடுவதற்கு முன்னால் டாங்க்கை நிரப்பியிருந்தேன். திரும்ப எடுத்தபோது பெட்ரோல் முள் நான் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கீழே இருந்தது. ஷெட்டில் ஒரு பையன் வேலை செய்தான். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். பழைய ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தான். எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேஸ்திரியிடம், "பையனைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே புதுப்பேட்டைக்குப் போய், பூட்டு வைத்த டாங்க் மூடி ஒன்று வாங்கினேன். ஹெரால்டுக்கு என்று செய்தது இல்லை. வேறு ஏதோ வண்டியினுடையது. கடைக்காரர் தேய்த்துச் சரி செய்து கொடுத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பளபளவென்று இருந்தது. சாவி என் வளையத்தில் ஏறியது.

அடுத்து ஆயில் மாற்றப் போனேன். மேஸ்திரி டிப்ஸ்டிக்கை உருவி மூக்குக்கிட்டே கொண்டுபோனார். "ஆயில்ல பெட்ரோல் வாட அடிக்குது சார். மட்டம் வேற ஏறிக்கீது" என்றார். ஏசி பம்பைப் பிரித்தார். உள்ளே டயஃப்ரம் கிழிந்திருந்தது. டயஃப்ரம் என்பது துணியும் ரப்பரும் கலந்த ஒரு வட்டத் தகடு. எஞ்சினின் கேம் அதை இழுத்து இழுத்து விடும், அந்த இழுப்பில்தான் டாங்க்கிலிருந்து பெட்ரோல் வருகிறது. அது கிழிந்தால் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போவதற்குப் பதிலாகக் கீழே எஞ்சின் ஆயிலில் இறங்கும். டாங்க் நிரம்பியிருந்தால் அதன் மட்டம் பம்பைவிட மேலே இருப்பதால், வண்டி சும்மா நிற்கும்போதும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். பழைய வண்டிகளின் ரப்பருக்கு இப்போதைய பெட்ரோல் ஒத்துக்கொள்வதில்லை. 2022-ல் நாடு பத்து சதவீத எத்தனால் கலப்பை எட்டியது, 2023-லிருந்து இருபது சதவீதம் வர ஆரம்பித்தது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து, உப்பவைத்து, கடைசியில் பிய்த்துவிடும். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பல வருஷமாக டாங்க் அடியில் தூங்கிக்கொண்டிருந்த பிசினையெல்லாம் கிளப்பி ஜெட்டுக்கு அனுப்பும். மேஸ்திரி புது டயஃப்ரம் போட்டார், ஆயிலை முழுக்க மாற்றினார்.

காணாமல் போன பெட்ரோல் எங்கே போனது என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். டிப்ஸ்டிக்கை என் மூக்குக்கிட்டேயும் நீட்டினார். மோந்தும் பார்த்தேன். புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. அதற்குப் பிறகு முள் அநியாயமாக இறங்கவில்லை. பூட்டு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்து வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது.

காலையில் அழகாக ஸ்டார்ட் ஆகும். ஊருக்குள் சொன்னபடி கேட்கும். நீளமாக ஓடினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இழுவை குறையும், இரண்டு தடவை திணறும், அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. பானெட்டைக் கவிழ்த்துப்போட்டு, பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, இளநீர் குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே கதை.

ஓடி, நின்று, ஆறினால் மறுபடி ஓடுகிற வண்டிக்கு வியாதி மூன்று விதமாக இருக்கலாம். முதலாவது வேப்பர் லாக். பெட்ரோல் தண்ணீரைப்போல ஒரே சூட்டில் கொதிக்கிற பொருள் இல்லை. பல எண்ணெய்களின் கலவை. அதில் மெல்லிய பகுதி நாற்பது டிகிரிக்கு முன்னாலேயே ஆவியாகத் தொடங்கும். மே மாதம் சென்னையில் வெளிக்காற்றே அந்தச் சூடு. எஞ்சினை ஒட்டிய பம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பம்பு திரவத்தை இழுக்கும், ஆவியை இழுக்கத் தெரியாது. இரண்டாவது, இக்னிஷன் காயிலோ கண்டென்சரோ சூட்டில் மயங்குவது. ஆறினால் தெளிந்துவிடும். இதற்கு நின்ற உடனே, ஆறுவதற்குள், பொறி பார்க்க வேண்டும். மூன்றாவது, டாங்க்குக்குள் காற்று போக வழி இல்லாமல் இருப்பது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய வண்டிகளில் அதற்குப் பெரும்பாலும் மூடியிலேயே ஒரு சின்னத் துளை இருக்கும். துளை அடைபட்டால் டாங்க்குக்குள் வெற்றிடம் ஏறும், ஒரு கட்டத்தில் பம்பு தோற்றுவிடும். சும்மா நிறுத்தி வைத்தால் ஏதோ ஒரு சந்து வழியாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும். மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே வியாதி. கண்ணாடிக் கிண்ணத்தில் முதலுக்கும் மூன்றாவதற்கும் ஒரே மாதிரி குமிழ் தெரியும்.

இது எல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். பழைய கார்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடத்தில் இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். மூன்றாவதையும் சேர்த்துத்தான் நடத்தினேன். என் வண்டி என்று வந்தபோது மட்டும் மூன்றாவதை விட்டுவிட்டேன். மூடியை நினைத்தால் பூட்டை நினைக்க வேண்டும், பூட்டை நினைத்தால் அது சரிதானா என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கமே மனசு போகவில்லை.

குற்றவாளி தேடினேன். மேஸ்திரி பம்பைப் பிரித்த பிறகுதான் வண்டி நிற்கிறது, ஆகவே அவர் போட்ட டயஃப்ரம் சரியில்லை. அவரும் மறுபடி பிரித்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. நான் விடவில்லை. ஜெட்டைக் கழற்றி ஊதச் சொன்னேன், ஃப்ளோட் மட்டம் பார்க்கச் சொன்னேன், கண்டென்சரை மாற்றச் சொன்னேன், காயிலையும் மாற்றச் சொன்னேன். ஒரே நாளில் நாலு விஷயத்தை மாற்றினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் மாணவன் இப்படிச் செய்தால் நான் மார்க் குறைத்திருப்பேன். ஷெட்டில் ஓட்டிப் பார்த்தால் வண்டி ஒருபோதும் நிற்காது. வெளியே எடுத்துக்கொண்டு போய் டாங்க் நிரப்பினால் நிற்கும். பங்க்கையும் திட்டினேன், எத்தனாலையும் திட்டினேன், மந்திரிகளையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் கடைசியில் எல்லாம் மேஸ்திரி தலையில்தான் வந்து விழுந்தது. வேலை சரியாகாததற்குக் கூலி எதற்கு என்று ஒன்றிரண்டு முறை காசு கொடுக்காமல் வந்தேன். அவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"சார், அந்த டாங்க் மூடி சாவி இருந்தா குட்த்துட்டுப் போங்க. தூரமா ஓட்டிப் பாக்கறேன். நின்னா தொறந்து பாக்கணும்."

"அது வீட்ல எங்கியோ வெச்சிட்டேன் மேஸ்திரி. டாங்க்ல ஒண்ணும் இல்ல. நீங்க பம்பப் பாருங்க."

இதைச் சொல்லும்போது சாவி வளையம் என் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இக்னிஷன் சாவியை மட்டும் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவருக்கும் பெட்ரோல் மேல் ஆசை வந்துவிட்டது என்று ஆட்டோவில் திரும்பும்போது நினைத்தேன். பையன் எடுப்பது இவருக்குத் தெரிந்தேதான் என்றும் நினைத்தேன். அந்தச் சந்தேகத்தில், ஷெட்டில் விடுவதற்கு முன்னால் டாங்க்கில் மூன்று நாலு லிட்டருக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் வழக்கமாகியிருந்தது.

ஞாயிறு கூட்டத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மேஸ்திரிக்கு வயசாயிடுச்சு. பழைய கை இல்ல. கண்ணும் சரியாத் தெரியல போல" என்றேன். பொய்யை இரக்கத்தில் தோய்த்துச் சொன்னால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அவரிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்த சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். ஷெட்டில் கார்கள் குறைந்தன. பையனும் ஒரு நாள் அங்கே இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

உண்மை தெரிந்ததும் என் நல்ல குணத்தால் இல்லை. திருவான்மியூரில் ஒரு பங்க்கில் டாங்க்கைக் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு மாமல்லபுரம் போகக் கிளம்பினேன். உத்தண்டி சுங்கச்சாவடிக்குச் சற்று முன்னால் வண்டி திணறி நின்றது. வழக்கம்போல ஈரத்துணியை எடுத்தேன். அப்போது ஒரு புதுச் சந்தேகம் வந்தது: பங்க்காரன் அளவில் ஏமாற்றிவிட்டானோ? முள்ளை நம்ப முடியாது, உள்ளே பார்த்துவிடலாம் என்று சாவியைப் போட்டு மூடியைத் திருகினேன். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது. இரண்டு கையாலும் பலமாகத் திருகியதும், உஸ்ஸென்று நீளமாகக் காற்று உள்ளே பாய்ந்தது. டிக்கியில் டாங்க்கின் தகடு டொக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. மூடியை பானெட்மேல் வைத்துவிட்டு செல்ஃப் அடித்தேன். அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது. துணியை நனைக்கவே இல்லை.

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை, தொழில் அப்படி. ஹெரால்டின் டாங்க் ஏறக்குறைய முப்பது லிட்டர். கழுத்து வரை நிரப்பினால் மேலே காற்றுக்கு இரண்டு லிட்டர் இடம் இருந்தால் அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் செலவானால் அந்தக் காற்று மூன்று லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். அழுத்தம் மூன்றில் இரண்டாகிவிடும். பெட்ரோல் ஆவி கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் போதாது. ஒரு லிட்டருக்கு இந்த வண்டி பன்னிரண்டு கிலோமீட்டர் போகும். திருவான்மியூரிலிருந்து உத்தண்டி. அதே டாங்க்கில் நாலு லிட்டர்தான் இருக்கிறது என்றால் மேலே இருபத்தாறு லிட்டர் காற்று. ஒரு லிட்டர் செலவானால் ஒன்றுமே தெரியாது. மேஸ்திரியின் ஷெட்டில் வண்டி ஏன் நிற்கவே இல்லை என்பதற்கு விடை அதுதான். பெட்ரோல் திருடிவிடுவார்கள் என்று டாங்க்கைக் காலியாகக் கொடுத்தேன், காலி டாங்க்கில் இந்த வியாதி தலை காட்டாது. திறந்து பார்க்கச் சாவி கேட்டவருக்குச் சாவியும் கொடுக்கவில்லை. டாக்டரிடம் போய் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றவனின் கதை. ஈரத்துணி வைத்தால் ஓடியதற்கும் காரணம் கிடைத்தது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டில் கொதிக்கும், ஆகவே குளிர்ச்சி கொஞ்சம் உதவத்தான் செய்யும். மீதியை இளநீர் குடிக்கிற நேரத்தில் கசிந்த காற்று செய்தது. பாயில் தன் விதியை வெளியிட்டது 1662-ல். நான் அதை எத்தனையோ பேருக்கு நடத்தி, அவர்கள் பாஸும் செய்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாதது அடுத்து நான் செய்தது.

வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காத நேரத்தில், டிரில் எடுத்து மூடியில் ஓட்டை போட்டேன். வண்டி அதற்கப்புறம் நிற்கவில்லை. டிப்ஸ்டிக்கில் மோந்து பார்த்த பெட்ரோலும் அன்று இரவுதான் மூளைக்கு ஏறியது. பையன் எதையும் எடுக்கவில்லை. அவன் ஸ்கூட்டருக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்ததெல்லாம் என் எஞ்சின் ஆயிலில்தான் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கேட்டார்கள், என்ன செய்தீர்கள், எப்படிச் சரியானது என்று. மூடியில் துளை இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்பார்கள். பூட்டு மூடி என்றால் எதற்குப் பூட்டு என்பார்கள். மேஸ்திரிக்குக் கண் தெரியவில்லை என்று சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது? வேப்பர் லாக்தான் என்றேன். பெட்ரோல் குழாயைச் சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கி, ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றி, கார்புரேட்டருக்கு அடியில் பேக்கலைட் தகடு கொடுத்துச் சரி செய்தேன் என்றேன். அவற்றை நான் உண்மையிலேயே செய்தும் இருந்தேன், ஓட்டை போட்ட பிறகு, கேட்டால் காட்டுவதற்காக. அழகான வேலை என்று பாராட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று பேர் தங்கள் வண்டிகளிலும் அதே கயிற்றைச் சுற்றினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை. அவர்கள் இதைப் படித்தால் கயிற்றை உலர்ந்தபடி பிய்க்க வேண்டாம். நன்றாக நனைத்து, முகத்துக்கு நல்ல முகமூடி போட்டு எடுத்து, பையில் கட்டிவிடுங்கள். அந்தக் கயிறு என் வண்டியில் எதையும் சரி செய்யவில்லை.

மேஸ்திரியிடம் மறுபடி போக வேண்டிய வேலை வந்தது. சக்கரத்தில் ஏதோ சத்தம். வண்டியைச் சுற்றி வந்தவர் டாங்க் மூடிக்கிட்டே நின்றார். கட்டை விரலை அந்த ஓட்டைமேல் வைத்து ஒரு தடவை தேய்த்தார். ஓரத்தில் டிரில் விட்ட பிசிறு இன்னும் இருந்தது.

"ஓட்ட பெருசா போட்டுட்டீங்க சார். மழத் தண்ணி எறங்கும். உள்பக்கமா பித்தள வல ஒண்ணு வெச்சிக்கங்க."

அவ்வளவுதான். நானும் சரி என்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. சக்கரத்துச் சத்தத்துக்குக் கேட்ட கூலியைவிடக் கூடக் கொடுத்தேன். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

சொன்னது அதற்கு வெகுநாள் கழித்து, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த பிறகு. எழுதிவிட்டுச் சொல்வதைவிடச் சொல்லிவிட்டு எழுதுவது மேல் என்று தோன்றியது. ஷெட்டில் இப்போது பெரும்பாலும் டூவீலர்தான் நிற்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: பையனைச் சந்தேகப்பட்டது, மூடி, சாவி, கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசியது. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும் சார்" என்றார்.

"எது தெரியும்?"

"சாவி கைல வெச்சிக்கினே இல்லன்னீங்களே. அப்பவே தெரியும். மூடியாத்தான் இருக்கும்னும் நெனச்சேன். தொறந்து பாக்காம எப்பிடி சொல்றது? பழைய மூடி போட்டுப் பாருங்கன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துது. சொன்னா எதுக்குப் பூட்டுன்னு பேச்சு வரும். பையன் பக்கத்துல நிக்கறான். வாணாம்னு விட்டுட்டேன்."

கூட்டத்தில் நான் பேசியதும் அவர் காதுக்கு வந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் சார்" என்றார். அந்தச் சொல்லுக்கு மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பாக்கி வைத்த கூலியை எடுத்து நீட்டினேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

பையனைக் கேட்டேன். நான் சொன்ன மறுநாளே அவனிடம் விசாரித்தாராம். அவன் இல்லை என்றிருக்கிறான், இவர் நம்பியும் இருக்கிறார். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் தன்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்று அவனே சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். வருகிறவர்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. இப்போது அம்பத்தூர்ப் பக்கம் சொந்தமாக டூவீலர் கடை வைத்திருக்கிறானாம். நன்றாகப் போகிறதாம்.

"என் கிட்ட சொன்னது சரி சார். அவன் கிட்ட சொல்லுங்க" என்று ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் பில்லின் பின்பக்கத்தில் வழி எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாள் வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறது. பிரேக் கொஞ்சம் இழுக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது.